நாடா விழுங்காத டெக்

எல்லையம்மன் கோயில் திருப்பணிக்காக இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, பழைய திருவிழா நோட்டீஸ்களுக்கும் கறுத்துப்போன வெள்ளிக் கண்மலர்களுக்கும் அடியில் ஒரு கேசட் கிடந்தது. பாலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி நூல் போட்டுக் கட்டியிருந்தது. ஒட்டியிருந்த காகிதத்தில் 'ஊர்க் கூட்டம், கார்த்திகை 1998' என்று நீல மையில் எழுதியிருந்தது. மணலோடைக்குப்பத்தில் கேசட் போடுகிற மிஷின் எந்த வீட்டிலும் இல்லாமல் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். குப்பையோடு போக இருந்ததை வைஷ்ணவி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அதைக் கங்காதரன் கடைக்குக் கொண்டுவந்தாள்.

கையெழுத்து கங்காதரனுடையதுதான். ஒரு காலத்தில் பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் கல்யாணம், காதுகுத்து, கூழ் வார்த்தல் எதுவென்றாலும் அவனுடைய மைக் செட்தான் போகும். சுனாமியில் குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், டெக் எல்லாம் போனபிறகு அவன் மறுபடி அந்தத் தொழிலுக்குத் திரும்பவில்லை. இப்போது ஐம்பத்தெட்டு வயதில் ஃபைபர் படகுகளுக்கு பேட்டரியும் ஜிபிஎஸ்ஸும் சரிபார்க்கிறான். மிக்சி வந்தால் மிக்சி.

வைஷ்ணவி பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் அம்மா வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போது அவளுடைய அப்பா பெரியசாமி ஏரியில் போனார். படகு கவிழ்ந்துவிட்டது என்றார்கள். கார்த்திகை மாதம், வாடைக் காற்று. மூன்றாம் நாள் உடம்பு முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒதுங்கியது. போவதற்கு முந்தைய நாள் அந்த ஊர்க் கூட்டத்தில் அவர் நிறையப் பேசினார் என்று அம்மா சொல்லியிருந்தாளாம்.

"குரல மட்டும் கேக்கணும் சித்தப்பா. அப்பா எப்படிப் பேசுவாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

கங்காதரன் கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். உள்ளே நாடா பழுப்பாக, ஒரு புள்ளிப் பூஞ்சை இல்லாமல் சுற்றியிருந்தது. உப்புக் காற்று அதைப் பார்த்துக்கொள்ளும் என்று இருபத்தாறு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவன் அவன். தகரத்தையும் இரும்பையும் தின்கிற காற்று இந்தச் சின்னப் பெட்டியை விட்டுவைத்திருந்தது.

தன்னிடம் மிஷின் இல்லை என்று சொன்னான். அது தெரியும், நல்லதாக ஒன்று வாங்கத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன் என்றாள் அவள். பழைய டெக் சிலது நாடாவை இழுத்துச் சுருட்டி அறுத்துவிடும் என்று படித்திருக்கிறாள். இது ஒன்றுதான் இருக்கிறது. அறுந்தால் போச்சு. எது நம்பகமானது என்று பார்த்து எடுக்கத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான் என்றாள். வருகிற சனிக்கிழமை அவளுக்கு லீவு.

அவன் தலையாட்டினான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே ரஞ்சித்குமார் வந்தான். அந்தக் காலத்து ஊர்த் தலைவர் உலகநாதனுடைய மகன். இப்போது தலைவர் என்று யாரும் பட்டம் கட்டவில்லை என்றாலும் ஊரில் அவன் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. கடை வாசலில் பைக்கை நிறுத்தி, அதிலிருந்து இறங்காமலே பேசினான். கேசட் கிடைத்ததாகக் கேள்விப்பட்டதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றான். பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்த மனிதர், நாளெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"'அவன் மிஷின அணைச்சானா'ன்னு கேக்குறாரு கங்காண்ணா. எனக்கு ஒண்ணும் புரியல. நீ அணைச்சியா?"

கங்காதரன் கையிலிருந்த ஒயரை முறுக்கிக்கொண்டே, அதெல்லாம் ஞாபகமில்லை என்றான்.

"எனக்கும் இதப் பத்தியெல்லாம் தெரியாது" என்றான் ரஞ்சித்குமார். "பழைய டெக்குன்னா டேப்ப முழுங்கிடுமாமே. அப்படி முழுங்கினா யார் மேல தப்பு? யார் மேலயும் இல்ல. மிஷின் மேலதான."

சிரித்துவிட்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். கங்காதரன் விளக்குப் போட மறந்து, இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏரியோரத்தில் ஒரு இறால் பண்ணை வந்துகொண்டிருந்த காலம் அது. ஊர்க்காரர்கள் குலுக்கல் போட்டு முறைவைத்து வலை வீசுகிற இடத்தில் பண்ணையின் கழிவுக் கால்வாய் வந்து விழும்படி உலகநாதன் ஒப்புக்கொண்டிருந்தார். பெரியசாமி விடமாட்டேன் என்றார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். பின்னால் யாரும் பேச்சு மாறக் கூடாது என்று அதைப் பதிவு செய்யும்படி கங்காதரனிடம் சொன்னதும் உலகநாதன்தான். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து, திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் ஓடியபோது கூட்டம் கலைந்தது. தூறல் விழுந்தது. மிஷின்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்ட அவன் வெளியே போனான். அணைக்கவில்லை.

திரும்பி வந்தபோது, மிஷின் இருந்த கோயில் பக்கத்து அறையில் உலகநாதன் இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே நின்றபடி கங்காதரன் எல்லாவற்றையும் கேட்டான். உள்ளே போனபோது எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்டார் உலகநாதன். இப்போதுதான் வந்தேன் என்றான். மிஷினை அணைத்தாயா என்று கேட்டார். அப்போதே அணைத்துவிட்டேன் என்றான். இந்த இரண்டு பொய்யும் அவன் குரலிலேயே அந்த நாடாவில் இருந்தன.

அப்போது மணி ஏழுகூட ஆகவில்லை. பெரியசாமி வீடு நூறு தப்படி. அவர் வலை எடுக்கப் போவது விடியற்காலை நாலு மணிக்கு. கங்காதரன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டான். கோபத்தில் ஆயிரம் பேசுவார்கள், செய்துவிடுவார்களா என்று நினைத்தான். விடிந்து கரைக்குப் போனபோது படகு போயிருந்தது.

கேசட்டை அழித்துவிட நாலைந்து தடவை பதிவுப் பொத்தான்மேல் விரலை வைத்திருக்கிறான். கை வரவில்லை. யாரிடமாவது கொடுக்கவும் துணிச்சல் வரவில்லை. ஊருக்குச் சொந்தமானது என்று சொல்லி ஊர்ப் பெட்டியிலேயே போட்டான். அன்றிலிருந்து பெரியசாமி வீட்டு வாசலை மிதித்ததில்லை.

சனிக்கிழமை வைஷ்ணவியோடு பொன்னேரியில் ரயிலேறி அடுத்த ஸ்டேஷனான அனுப்பம்பட்டில் இறங்கினான். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேணு என்பவர் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்தார். பழைய டெக்குகளை வாங்கிச் சரிசெய்து விற்பது அவருக்குப் பொழுதுபோக்கு. முன்னறை முழுக்க அடுக்கிவைத்திருந்தார். அதில் ஓடுகிற நிலையில் இருந்தவை மூன்றுதான்.

மூன்றில் ஒன்று, ரேடியோவும் சேர்ந்தது. உள்ளே பெல்ட் வெல்லப்பாகு மாதிரி உருகி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே கங்காதரன் ஒதுக்கிவிட்டான். இன்னொன்று வெள்ளி முகப்பு, மஞ்சள் வெளிச்சத்தில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற இரண்டு ஊசிகள், இரு பக்கமும் தானே மாறி ஓடுகிற வகை. மூன்றாவது கறுப்பு. கனமாக, அழகே இல்லாமல், பியானோக் கட்டை மாதிரி பொத்தான்களோடு இருந்தது.

முதலில் வீணாய்ப் போன கேசட் ஒன்றைக் கேட்டு வாங்கினான். எந்த டெக்கிலும் நல்ல நாடாவை முதலில் போடக் கூடாது. வெள்ளி டெக்கில் போட்டு ஓடவிட்டான். நாதஸ்வரம். ஊசிகள் சேர்ந்து எழுந்து சேர்ந்து விழுந்தன. வைஷ்ணவி குனிந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா பேசும்போதும் இது இப்படி ஆடுமா சித்தப்பா?"

ஆடும் என்றான். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து, நாடா போய்ச் சுற்றிக்கொள்கிற வலது பக்கச் சக்கரத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டான். சக்கரம் உடனே நின்றுவிட்டது. நல்ல மிஷினாக இருந்தால் விரலைத் தள்ளிக்கொண்டு சுற்றும். நாடாவை அழுத்தி இழுக்கிற ரப்பர் உருளையைப் பார்த்தான். கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. அவனுக்கு அதுவே போதும். பத்து நிமிஷம் ஓடி மோட்டார் சூடானால் வலது சக்கரம் தளரும். உருளை நாடாவை விடாமல் தன்மேல் சுற்றிக்கொள்ளும். எடுப்பதற்குள் கசங்கி, நெளிந்து, அறுந்திருக்கும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது மிஷின் கோளாறு.

கறுப்பு டெக்கில் அதே கேசட்டைப் போட்டான். பொத்தானை அழுத்தக் கட்டைவிரல் முழுவதும் தேவைப்பட்டது. வலது சக்கரம் விரலை மதிக்காமல் சுற்றியது. உருளை மங்கலாக, மெத்தென்று இருந்தது. நீளமாகப் பிடித்த ஒரே சுரம் ஆடாமல் அசையாமல் நின்றது. ஒரு பக்கம் மட்டுமே ஓடும், முடிந்தால் தானே நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் இன்னும் இருபது வருஷம் போட்டாலும் ஒரு நாடாவைக்கூடக் கெடுக்காது.

"வெள்ளியே எடுத்துக்கலாம்" என்றான்.

வேணு நிமிர்ந்து பார்த்தார். போடப்போகிற கேசட்டுக்கு நகல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள் வைஷ்ணவி. அப்படியானால் அந்தக் கறுப்பு போதுமே என்றார் அவர்.

"பாப்பாவுக்கு இது புடிச்சிருக்குது" என்றான் கங்காதரன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

வேணு அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வெள்ளி டெக்கை வைத்துக் கட்டிக்கொடுத்தார்.

ரயிலுக்கு இருபது நிமிஷம் இருந்தது. பிளாட்பாரத்தில் வேப்ப மர நிழலில் உட்கார்ந்தார்கள். பெட்டி கங்காதரன் மடியில் இருந்தது. வைஷ்ணவி போனில் அம்மாவிடம் டெக் கிடைத்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் ஆன்லைன்லயே ஒண்ணு வாங்கியிருப்பேன் சித்தப்பா. அம்மாதான் வேணாம்னாங்க. உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னாங்க."

"ஏனாம்?"

"கெடறதா இருந்தா அவன் கையாலயே கெடட்டும்னாங்க. இன்னான்னு கேட்டேன். சொல்லல."

ஒரு சரக்கு ரயில் நிற்காமல் போனது. வைஷ்ணவியின் அம்மா முத்தம்மாளுக்கு எவ்வளவு தெரியும் என்று கங்காதரனால் கணக்குப் போட முடியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. இந்தப் பெட்டி நாடாவை விழுங்கினால் அவள் மிஷினைப் பார்க்க மாட்டாள். அவனைத்தான் பார்ப்பாள். மிச்சமிருக்கிற நாள் முழுக்கப் பார்ப்பாள்.

அவன் எழுந்தான். இதில் ஒரு சின்னக் கோளாறு, மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்றான். அந்த ரயிலை விட்டுவிட்டு வேணு வீட்டுக்குத் திரும்பி நடந்தார்கள். வேணு கறுப்பு டெக்கை ஏற்கனவே மேஜைமேல் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை கடையில் அந்த டெக் இருந்ததைப் பார்த்து ரஞ்சித்குமார் உள்ளே வந்தான். இந்த முறை பைக்கிலிருந்து இறங்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கங்காதரன் கேசட்டைத் திருகாணி கழற்றித் திறந்து வைத்திருந்தான். நாடாவை, அதிலிருந்து ஒலியை எடுக்கிற ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு, பசை காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது. வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து அதை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"இது எப்படி?" என்று டெக்கைத் தட்டிக் கேட்டான் ரஞ்சித்குமார்.

"நல்ல டெக்கு."

"முழுங்காதா?"

"முழுங்காது."

ரஞ்சித்குமார் ரொம்ப நேரம் அந்தத் திறந்த கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை நீட்டினால் எட்டும். அவன் நீட்டவில்லை. கங்காதரனுடைய மகன் சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பைக்கில்தான் வீட்டுக்குப் போகிறான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. பையன் சௌக்கியமா, இன்னும் அந்தச் சிவப்பு பைக்தானா, எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் கண்மண் தெரியாமல் போகின்றனவாமே என்று ஒவ்வொன்றாக விசாரித்தான். விசாரித்துவிட்டு எழுந்தான்.

"ஞாயித்துக்கெழமை போடப்போறீங்களாமே. அப்பாவும் வரேன்றாரு. தூக்கினு வரச் சொல்றாரு."

அவன் போனபின் கங்காதரன் மகனுக்கு போன் போட்டான். பத்து நாளைக்கு ரயிலில் போய்வா என்றான். ஏன் என்று பையன் கேட்டதற்கு, மழைக்காலம் என்று மட்டும் சொன்னான். அந்த வாரம் பேட்டரி சார்ஜ் போட யாரும் அவன் கடைக்கு வரவில்லை. யாரும் அப்படிச் சொல்லிவைத்ததாகவும் தெரியவில்லை. வழக்கமாக வருகிறவர்கள் கடையைத் தாண்டும்போது போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு டெக்கையும் ஸ்பீக்கரையும், கூடவே ஒரு படகு பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தள்ளுவண்டியில் வைத்து முத்தம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோனான். படியில் கால் வைத்தபோது முத்தம்மாள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. வழியை விட்டு நகர்ந்து நின்றாள். அவளுக்கு முடி நரைத்திருந்தது. தெருவில் தினம் பார்க்கிற ஆள்தான், இருந்தாலும் அவளை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ரஞ்சித்குமாரும் அவனுடைய ஆட்கள் இரண்டு பேரும் உலகநாதனை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து டெக்குக்கு நேரெதிரே வைத்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் பழைய கண். கங்காதரன் பேட்டரியை இணைப்பதை அந்தக் கண் கவனித்துக்கொண்டிருந்தது. வீட்டில்தான் கரண்ட் இருக்கிறதே என்றான் ரஞ்சித்குமார். மின்சாரம் ஏறி இறங்கினால் சத்தம் ஆடும் என்றான் கங்காதரன்.

வைஷ்ணவி ஸ்பீக்கர் பக்கத்தில் தன் போனைப் பதிவுக்கு வைத்தாள். கங்காதரன் பொத்தானை அழுத்தினான்.

முதலில் இரைச்சல். அப்புறம் கூட்டத்துச் சலசலப்பு, யாரோ இருமுவது, ஒரு குழந்தை அழுவது. பிறகு பெரியசாமி பேசினார். கனமான குரல் இல்லை. மெல்லிசாக, கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். கால்வாய் வந்தால் வலை போடுகிற முறையே அழிந்துவிடும், நம் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். வைஷ்ணவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் அப்படித்தான் மூக்கால் பேசுவாள். கூடத்தில் இருந்த ஒரு கிழவர், அதே குரல்தான், அச்சு அசல் என்றார். முத்தம்மாள் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முப்பது நிமிஷம் ஓடி அந்தப் பக்கம் முடிந்தது. டெக் தானே டக்கென்று நின்றது.

கேட்டாயிற்று, போதும் என்று ரஞ்சித்குமார் எழுந்தான். வைஷ்ணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கங்காதரனைக் கேட்டாள். கூடத்தில் இருந்த எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். உலகநாதனும்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள்.

"கீது" என்றான். கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டான்.

கூட்டத்தின் மிச்சம் ஓடியது. ரஞ்சித்குமார் தன் ஆட்களில் ஒருவனைப் பார்த்தான். அவன் வெளியே போனான். ஒரு நிமிஷத்தில் ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டேதான் இருந்தது. பேட்டரியில் கறுப்பு டெக் தன்பாட்டுக்குச் சுற்றியது. ஃபேன் சத்தமும் இல்லாமல் போனதால் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

நாற்காலிகளை இழுக்கும் சத்தம். கூட்டம் கலைகிறது. மழை. கதவு சாத்தப்படுகிறது. பிறகு உலகநாதனின் குரல், திடகாத்திரமாக.

"காலையில தனியாத்தான் போவான். காத்து வேற இப்படி அடிக்குது. நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே போயி முகத்துவாரத்துகிட்ட நில்லுங்க. அவன் கரைக்குத் திரும்பக் கூடாது. படகு கவுந்துச்சின்னு நான் சொல்லிக்கிறேன்."

ஒருவன் ஏதோ முனகுகிறான். பெண்டாட்டி பிள்ளைத்தாச்சி என்கிறான். ஊர் பார்த்துக்கொள்ளும் என்கிறார் உலகநாதன். கதவு திறக்கிறது.

"இன்னாடா கங்கா. எவ்ளோ நேரமா நிக்கிற?"

"இப்பதான் வந்தேன் தலைவரே."

"மிஷின அணைச்சியா?"

"அப்பவே அணைச்சிட்டேன்."

காலடிகள் விலகிப் போகும் சத்தம். டக். அதோடு இரைச்சல் மட்டும்.

இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உலகநாதன் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல கையைத் தூக்கிக் கங்காதரனைக் காட்டினார்.

"பொய் சொன்னான்" என்றார் குழறலாக. "எனக்குத் தெரியும். பொய் சொன்னான்."

ரஞ்சித்குமார் அப்பாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கேசட் ஊர்ச் சொத்து, பெட்டிக்குத் திரும்ப வேண்டும் என்று கையை நீட்டினான். அதற்குள் முத்தம்மாள் எழுந்துவந்து டெக்கை நிறுத்தி, கேசட்டை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். ஊர்ச் சொத்துதான், வேண்டுமானால் ஊரே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றாள். ரஞ்சித்குமார் அவளைப் பார்த்தான். ஸ்பீக்கர் பக்கத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்த போனைப் பார்த்தான். பிறகு நாற்காலியைத் தூக்கச் சொன்னான். போகும்போது வாசல் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். முத்தம்மாள் கங்காதரனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தன மணிக்கு கேட்ட?"

"ஏழு இருக்கும் அண்ணி."

"அவரு நாலு மணிக்குத்தான கெளம்பினாரு."

"ஆமா."

திட்டினால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. வைஷ்ணவி அவனைப் பார்க்காமல் போனில் எதையோ யார் யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தாள். முத்தம்மாள், இதைப் போலீசில் சொல்வாயா என்று கேட்டாள். சொல்கிறேன் என்றான். அந்த இரண்டு பேர் யார் என்றும் சொல்ல வேண்டும் என்றாள். அவர்களில் ஒருவன் செத்துவிட்டான், இன்னொருவன் சுண்ணாம்புக்குளத்தில் மகள் வீட்டில் இருக்கிறான் என்றான் அவன். அவள் தலையை ஆட்டினாள். டெக்கை விட்டுவிட்டுப் போ என்றாள்.

திங்கட்கிழமை புகார் கொடுத்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஜீப்பில் வந்து உலகநாதன் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஊர் கூடி, கங்காதரனோடும் முத்தம்மாள் வீட்டோடும் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தது. அந்தக் கூட்டத்தை யாரும் பதிவு செய்யவில்லை. பால்காரர் வருவது நின்றது. ஒரு நாள் காலையில் கடை திறக்கப் போனபோது பூட்டின்மேல் புதிதாக இன்னொரு பூட்டு தொங்கியது. கங்காதரன் அதை உடைக்காமல் திரும்பிவிட்டான்.

ஆனால் வைஷ்ணவி அனுப்பிய பதிவு எங்கெங்கோ போய், ஒரு டிவியில் ஒரு நிமிஷம் வந்தது. அதன்பிறகு பொன்னேரியிலிருந்து கடிதம் வந்தது. மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க வர வேண்டும் என்று தேதி போட்டிருந்தது.

அன்றைக்கு வாடைக் காற்று தொடங்கியிருந்தது. ஏரி சாம்பல் நிறமாக நுரைத்துக்கொண்டிருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு அவன் போனபோது ரஞ்சித்குமார் பைக்கில் உட்கார்ந்திருந்தான். மழைக்கோட்டு போட்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவரும் இவ்வளவு பக்கத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை.

"ஏறுண்ணா. நானும் பொன்னேரிக்குத்தான் போறேன்" என்றான்.

"பஸ் வரும்" என்றான் கங்காதரன்.

"வராமகூட போவும். மழ நாளு."

முத்தம்மாளும் வைஷ்ணவியும் ஒரே குடையில் வந்து கங்காதரனுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். கால் மணி நேரம் நால்வரும் அப்படியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வந்தது. மூன்று பேரும் ஏறினார்கள். பாலத்தைக் கடக்கும்போது கங்காதரன் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். பைக் பின்னாலேயே வந்தது. முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. பொன்னேரிவரை அப்படியே வந்து, கோர்ட்டு காம்பவுண்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றது.

வராந்தாவில் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து கூப்பிட்டபோது கங்காதரன் முத்தம்மாளைத் திரும்பிப் பார்த்தான். அவள் வெளியே மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் போய் நின்றான். பெயரைக் கேட்டார்கள். சொன்னான். அந்தச் சாயங்காலம் மணி என்ன இருக்கும் என்று கேட்டார்கள்.

"ஏழுகூட ஆகலைங்க" என்று ஆரம்பித்தான்.